கை, கால் விழுந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்!

1984-ம் ஆண்டு அக்டோபர் மாதம். தமிழ்நாடே சென்னைச் செய்திக்காகக் காத்துக் கிடந்தது.

முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். அப்பல்லோ ஆஸ்பத்திரியில் படுத்து இருந்தார். அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது. அந்த நிலையில் பக்கவாதமும் தாக்கியது.

கும்பகோணத்துக்காரர்களுக்கு அது எங்கோ நடந்த செய்தி அல்ல. கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர்., தந்தையை இழந்தபின் தாயாரோடு வந்து சேர்ந்த ஊர் கும்பகோணம். அங்கே ஆனையடிப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் அவர். கோவிலிலும், பள்ளிவாசலிலும், மாதா கோவிலிலும் பிரார்த்தனை நடந்தது.

நவம்பர் மாதம் அவரை விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். நியூயார்க் நகரில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அங்கே படுத்துக்கொண்டே ஆண்டிப்பட்டித் தொகுதியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடியும் முதல்-மந்திரி ஆனார்.

எல்லாம் திரும்பக் கிடைத்தது. பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை.

1967-ல் குண்டடிபட்டதில் அவர் குரல் ஏற்கனவே மாறி இருந்தது. அந்த மாறிய குரலிலேயே மேடை மேடையாகப் பேசினார். பக்கவாதம் அந்தப் பேச்சையும் குறைத்துவிட்டது. 1987 டிசம்பர் 24-ந் தேதி அவர் மறையும்வரை அந்தக் குறை இருந்தது.

நாடே அறிந்தவர். பெரிய டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவருக்கே இப்படி என்றால், வலங்கைமானில் வயல் வேலை செய்கிறவருக்கு என்ன வழி என்று கேட்கலாம்.

வழி இருக்கிறது. 1984-ல் இல்லாத வழி ஒன்று இன்று இருக்கிறது. ரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து அது. அந்த நாளில் பக்கவாதத்துக்கு அந்த ஊசி உலகில் எங்குமே வழக்கத்தில் இல்லை. இன்று நம் நாட்டில் இருக்கிறது. ஆனால், அது நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி!

அந்த நாலரை மணி நேரத்தை நம்முடைய ஊர்களில் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

கையில் இல்லை நோய்!

"அவருக்குக் கை, கால் விழுந்துவிட்டது" என்கிறோம். "வாய் கோணிக்கொண்டது", "ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது" என்கிறோம். பெயரே "பக்கவாதம்". வாதம் என்றதும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது எண்ணெய். தைலத்தை எடுத்துக் கையிலும் காலிலும் சூடு பறக்கத் தேய்க்கிறார்கள்.

நோய் கையில் இல்லை, காலிலும் இல்லை. நோய் தலைக்குள் இருக்கிறது. கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடுகிற மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டது. மூளையின் இடது பக்கம் கெட்டால் வலது கை, வலது கால் விழும். பெரும்பாலோருக்குப் பேச்சும் அந்த இடது பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் வலது கை விழுந்த பலருக்குப் பேச்சும் போகிறது.

ரத்தம் எப்படி நிற்கும்? இதைக் காவிரிக் கரையில் இருக்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது சுலபம்.

கல்லணைக்குப் போயிருப்பீர்கள். அங்கே தண்ணீர் பிரிகிறது. ஒன்று காவிரி; ஒன்று வெண்ணாறு; ஒன்று 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் போகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், கடைசியில் வயல்.

நம்முடைய தலையிலும் அப்படித்தான். கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு பெரிய ரத்தக் குழாய்கள் மேலே ஏறுகின்றன. மூளையின் அடியில் அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரு வளையம் ஆகின்றன. 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் இந்த வளையத்தைப் படம் போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் வரத்து குறைந்தால் மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் வரட்டும் என்று இயற்கை செய்து வைத்த ஏற்பாடு அது.

அந்த வளையத்திலிருந்து பிரிகிற குழாய்களில் பெரியது, நடு மூளைக் குழாய். பக்கத்துக்கு ஒன்று இருக்கிறது. முகம், கை, பேச்சு ஆகிய மூன்று வயலுக்கும் அதுதான் தலைவாய்க்கால். அது அடைத்தால் மூன்றும் காய்கின்றன.

அடைப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று, வாய்க்காலிலேயே வண்டல் படிவதுபோல, குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படிந்து, வழி குறுகி, அங்கேயே ரத்தம் உறைவது. மற்றொன்று, எங்கோ மேலே இருந்து ஆகாயத்தாமரைக் குப்பை மிதந்து வந்து மதகில் அடைத்துக்கொள்வதுபோல, இருதயத்தில் உறைந்த ரத்தக் கட்டி மிதந்து வந்து மூளைக் குழாயில் சிக்குவது. நாடி தாறுமாறாகத் துடிக்கிறவர்களுக்கும், இருதய வால்வு கெட்டவர்களுக்கும் இந்த இரண்டாவது வகை வரும். முப்பது வயதுக்காரருக்குக்கூட வரும்.

குழாய் அடைக்காமல் உடைந்து ரத்தம் கசிவதும் உண்டு. அது வேறு. ஆனால் பக்கவாதத்தில் பெரும்பாலானவை அடைப்பினால் வருகிறவைதான்.

ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம்

வாய்க்கால் அடைத்தால் பயிர் பத்து நாள் தாங்கும். நாற்று வாடும், தண்ணீர் வந்தால் தலை நிமிரும். மூளை அப்படித் தாங்காது.

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடம்பு எடையில் 100-ல் 2 பங்கு. ஆனால் உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் 100-ல் 15 பங்கு அதற்கே வேண்டும். அதற்குச் சேமித்து வைக்கத் தெரியாது. அன்றாடம் காய்ச்சி மாதிரி, வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை!

பெரிய குழாய் அடைபட்டால், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டு இருக்கிறார்கள். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி அணுக்கள் இருக்கின்றன. அதனால் ஒரு நிமிடத்தில் ஆள் போய்விடமாட்டார். ஆனால் செத்த அணு மறுபடி முளைக்காது. பக்கத்து வீட்டில் போய் "என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு வருகிற பத்து நிமிடத்தில் 1 கோடியே 90 லட்சம் போகிறது.

அடைபட்ட குழாயின் கடைசி வயல் உடனே செத்துவிடும். அதைச் சுற்றி உள்ள இடம், பக்கத்துச் சின்னக் குழாய்கள் தருகிற கசிவில் கொஞ்ச நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கும். டாக்டர்கள் காப்பாற்றப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

நேரு காலமும் நம் காலமும்

1964 ஜனவரி மாதம், புவனேசுவரத்தில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் நம் காமராஜர். அந்த மகாநாட்டுக்கு வந்திருந்த பிரதமர் நேருவுக்குப் பக்கவாதம் தாக்கியது. இந்தியாவின் பிரதமருக்கே அன்று டாக்டர்கள் செய்ய முடிந்தது ஓய்வு கொடுப்பதும், மருந்து கொடுப்பதும், பார்த்துக்கொண்டு இருப்பதும்தான். மண்டை ஓட்டுக்குள் அடைப்பா, கசிவா என்று உயிரோடு இருப்பவரின் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிற யந்திரம் உலகத்திலேயே அப்போது இல்லை.

அந்த யந்திரத்தைச் செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இங்கிலாந்து என்ஜினீயர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்குப் படம் எடுத்தார்கள். அவர் வேலை பார்த்த கம்பெனி எது தெரியுமா? நாய் படம் போட்ட இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. கம்பெனி! பாட்டு விற்ற கம்பெனி தலைக்குள் பார்க்கும் யந்திரத்தையும் கொடுத்தது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் "ஸ்கேன்" என்று சொல்வது அதன் வழியில் வந்ததுதான்.

ஸ்கேன் வந்த பிறகுதான் ஊசிக்கு வழி பிறந்தது. 1995-ல் அந்த ஊசியின் பலன் நிரூபிக்கப்பட்டது. 1996-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. ரத்தம் கசிந்து இருப்பவருக்கு அதைப் போட்டால் ஆபத்து. ஆகவே முதலில் ஸ்கேன். அடைப்புதான் என்று தெரிந்தால் ஊசி. கை, கால் விழுந்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் முதல் மணியில் போட்டால் கிடைக்கும் பலன் நாலாவது மணியில் கிடைக்காது. எல்லோருக்கும் குணம் ஆகும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு ஊசியினாலேயே ரத்தக் கசிவு ஏற்படுவதும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும், நேரத்தோடு ஊசி போட்டுக்கொண்டவர்களில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தேறுகிறவர்கள் அதிகம்.

நடு மூளைக் குழாய் போன்ற பெரிய குழாயில் பெரிய கட்டி அடைத்துக்கொண்டால் ஊசி மட்டும் போதாமல் போகலாம். அதற்கும் வழி வந்திருக்கிறது. தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாயில் மெல்லிய குழாயை விட்டு, அதை மூளைவரை கொண்டு போய், கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள்! 2015-ல் வெளியான ஆராய்ச்சிகள் இதன் பலனை ஐயம் இல்லாமல் காட்டின. இதை ஆறு மணி நேரம்வரை செய்யலாம். ஸ்கேனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரைகூடச் செய்கிறார்கள். மதகில் சிக்கிய மரத்தைக் கயிறு போட்டு இழுப்பது போலத்தான். ஆனால் அது பெரிய நகரங்களில் சில ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கும்.

நேரம் எங்கே போகிறது?

மருந்து இருக்கிறது. ஆள்தான் நேரத்தோடு போய்ச் சேருவது இல்லை.

சம்பா நடவு நடக்கிற நேரம். வீட்டுப் பெரியவர் விடியற்காலை எழுந்திருக்கிறார். கை மரத்துப் போய் இருக்கிறது. "பனியில் படுத்தேன், அதனால்தான்" என்கிறார். அம்மா சுக்குக் காப்பி போடுகிறாள். ஒரு மணி நேரம் போகிறது. வாய் கோணுவதை மருமகள் பார்த்துவிட்டுப் பயந்து தைலம் தேய்க்கிறாள். மற்றொரு மணி நேரம். மகன் வயலிலிருந்து வருகிறான். "பட்டுக்கோட்டைப் பக்கம் ஒருவர் மருந்து கொடுக்கிறாராம்" என்று ஒருவர் சொல்கிறார். "புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும்" என்று இன்னொருவர். புறாவுக்கு ஆள் போகிறது. பக்கத்து டவுனில் ஒரு டாக்டர். அங்கே ஸ்கேன் இல்லை. அங்கிருந்து வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே ஸ்கேன் உண்டு, ஊசி இல்லை. தஞ்சாவூர் வந்து சேரும்போது உச்சிவெயில் சாய்ந்துவிட்டது.

யாரும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் ஓடியாடினார்கள். ஓடிய திசைதான் தப்பு.

இதில் ஏழை, பணக்காரன் வித்தியாசம் இல்லை. கார் வைத்திருக்கிற மிராசுதார் வீட்டிலும் "சாயங்காலம்வரை பார்ப்போம்" என்கிறார்கள். காரணம் ஒன்றுதான். பக்கவாதம் வலிக்காது! நெஞ்சு வலித்தால் மனிதன் கத்துவான், வீடே எழுந்துவிடும். கை மரத்துப் போனால் யாரும் கத்துவது இல்லை. சிலருக்குத் தன் கை விழுந்ததே தெரியாது. வலிக்காத நோய் என்பதால் அவசரம் இல்லாத நோய் என்று நினைத்துவிடுகிறோம்.

புறா ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடைப்பு இருப்பது மண்டை ஓட்டுக்குள். தோலின்மேல் தேய்க்கிற எதுவும் அங்கே போகாது. புறாவுக்கும் நஷ்டம், நோயாளிக்கும் நஷ்டம்.

வைத்தீஸ்வரன் கோவிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வேண்டிக்கொள்ளுங்கள். வண்டியில் போகும்போதே வேண்டிக்கொள்ளலாம். ராகு காலம், எமகண்டம் பார்த்துப் புறப்படுகிற காரியம் மட்டும் இது அல்ல. பஞ்சாங்கத்தை மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

சிரிக்கச் சொல்லுங்கள்

வீட்டில் யாருக்காவது திடீர் என்று ஏதோ ஆனால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே கண்டுபிடித்துவிடலாம்.

சிரிக்கச் சொல்லுங்கள். வாயின் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கீழே இறங்குகிறதா? அவருடைய ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். திருக்காட்டுப்பள்ளிக்காரர் அதைக் குளறாமல் சொல்லிவிட்டால் பேச்சு நன்றாக இருக்கிறது என்று பொருள்! இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் போதும், புறப்படுங்கள்.

திடீர் என்று ஒரு கண் இருட்டிக்கொள்வது, நடை தள்ளாடுவது, சொல்வது புரியாமல் விழிப்பது ஆகியவையும் அடையாளங்கள்தான். நேற்றுவரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று சம்பந்தம் இல்லாமல் உளறினால், "காத்து கருப்பு அடித்துவிட்டது" என்று வேப்பிலை தேடுகிறார்கள். மூளையில் பேச்சு இருக்கும் இடத்துக்கு ரத்தம் போகவில்லை, அவ்வளவுதான். பேயும் இல்லை, பில்லியும் இல்லை.

முகம் மட்டும் கோணி, கையும் பேச்சும் நன்றாக இருக்கிற வேறு ஒரு நோயும் உண்டு. அது முகத்து நரம்பில் வருவது. எது என்று பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம்.

அடுத்து, மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? ராத்திரி பாத்ரூம் போக எழுந்தாரா? அப்போது நன்றாக நடந்தாரா? ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். ஊசி போடலாமா, கூடாதா என்பது பெரும்பாலும் இந்தப் பதிலில் இருக்கிறது. ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

108-க்குப் போன் செய்யுங்கள். 2008-ல் இருந்து தமிழ்நாட்டில் இந்த வண்டி ஓடுகிறது, காசு இல்லை. "பக்கவாதம் மாதிரி இருக்கிறது, ஸ்கேனும் ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று சொல்லுங்கள்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள்! தண்ணீர், காப்பி, சோடா, கஷாயம் எதுவும் வேண்டாம். விழுங்குகிற சக்தி போயிருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குப் போய் நிமோனியா காய்ச்சலில் கொண்டு விடும். "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்று கேள்விப்பட்டு ஆஸ்பிரின் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கசிவாக இருந்தால் அதுவே எமன். ஸ்கேன் பார்த்தபின் டாக்டர் கொடுக்கட்டும். ஊசியால் விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுக்கிற வித்தையும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவ்வளவு போதும்.

வந்து போனால்?

சில பேருக்குக் கை விழும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். பேச்சுக் குளறும், அரை மணியில் தெளிந்துவிடும். "கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள்.

கடவுள் காப்பாற்றவில்லை, முன்கூட்டி ஆள் அனுப்பி இருக்கிறார்! சின்னக் கட்டி ஒன்று அடைத்து, தானே கரைந்து போயிருக்கிறது. பெரிய கட்டி பின்னால் வரலாம். அடுத்த இரண்டு நாள்தான் மிகவும் ஆபத்து. கை சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உப்புக்கு ஜெயிலுக்குப் போன சீமை

அடைப்பு ஒரு நாளில் வருவது அல்ல. பல வருஷமாகக் குழாய் கெட்டுக்கொண்டே வருகிறது. கெடுப்பவர்களில் தலைவன் ரத்தக் கொதிப்பு. அடுத்தவன் சர்க்கரை. பிறகு புகையிலை, பீடி, சிகரெட், குடி.

ரத்தக் கொதிப்பும் வலிக்காது. தலை சுற்றினால்தான் கொதிப்பு என்று நினைப்பது தப்பு. 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டி, ஒன்றுமே தெரியாமல் பத்து வருஷம் நடமாடுகிறவர்கள் உண்டு. பட்டை கட்டி அளந்து பார்த்தால்தான் தெரியும். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, அளவு குறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டதால்தான் குறைந்தது! மதகை அடைத்துவிட்டு வயலில் தண்ணீர் நிற்கும் என்று எதிர்பார்க்கலாமா?

உப்பு விஷயத்தில் நம் ஜில்லாக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1930-ல் ராஜாஜி திருச்சியில் இருந்து தஞ்சை ஜில்லா வழியாக வேதாரண்யத்துக்கு நடந்து போனார். உப்பு அள்ளினார்கள், அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். உப்புக்கு உரிமை வேண்டும் என்று போராடிய சீமை இது. உரிமை கிடைத்தது நல்லதுதான். அதற்காக அவ்வளவையும் நாமே சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை!

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்புச் சேர்ப்பது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஒரு டீஸ்பூன்தான். சோற்றில் உப்பு, குழம்பில் உப்பு, மோரில் உப்பு என்று கணக்குப் பார்த்தாலே அது முடிந்துவிடும். அதற்கு மேல் அப்பளம், வடகம், மோர்மிளகாய், மாவடு, கருவாடு. பழைய சோற்றுக்கு ஊறுகாய் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். சின்ன வெங்காயம் இருக்கிறதே!

வெற்றிலையை விடச் சொல்லவில்லை. கும்பகோணம் வெற்றிலைக்கு உள்ள பெருமையும் எங்களுக்குத் தெரியும். வெற்றிலையோடு சேர்கிற புகையிலைதான் ஆகாது.

முன்பு ஏர் பிடித்த கால்கள், நாற்று நட்ட முதுகுகள். மூன்று வேளைச் சோறு உழைப்பில் கரைந்தது. இன்று டிராக்டர் உழுகிறது; நடவு யந்திரம் நடுகிறது; வரப்புவரை மோட்டார் சைக்கிள் போகிறது. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. சர்க்கரை நோய் வராமல் என்ன செய்யும்?

சர்க்காரின் வேலை

ஜனங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயம் அல்ல.

தஞ்சையில் மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தது 1959-ல். நெடுங்காலம் டெல்டாவின் பெரிய நோய்க்கெல்லாம் அந்த ஊர்தான் கதி. வேதாரண்யத்தில் இருந்து தஞ்சைக்குச் சுமார் 100 கிலோ மீட்டர். 2010-ல் திருவாரூருக்கும், 2022-ல் நாகப்பட்டினத்துக்கும் அரசாங்க மருத்துவக் கல்லூரி வந்தது. வரவேற்க வேண்டியது. ஆனால் கட்டிடம் வந்தால் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் ஓட வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல டாக்டர் இருக்க வேண்டும். ஊசி மருந்து அலமாரியில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

இன்னொன்று, செலவே இல்லாத காரியம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ரேஷன் கடையிலும், பஸ் நிலையத்திலும் ஒரு பலகை வைக்க வேண்டும். "கை, கால் விழுந்தால் இங்கே போங்கள்" என்று, ஸ்கேனும் ஊசியும் எந்த நேரமும் கிடைக்கிற பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயரையும் போன் நம்பரையும் எழுத வேண்டும். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்து அறிவிக்கத் தெரிந்த சர்க்காருக்கு இது பெரிய காரியம் அல்ல. பலகை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேட்டு, விடையை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை பெட்டியின் அடியில் கிடந்தால் பயன் இல்லை. அட்டையைத் தேடுவதில் ஒரு மணி நேரம் போனதும் உண்டு. செலவுக்குப் பயந்து, நிலத்தை ஒத்தி வைக்க ஆள் தேடிக்கொண்டு நேரத்தை விட்டவர்களும் உண்டு.

விழுந்தவர் எழ

நேரம் தவறிவிட்டது. ஊசி போட முடியவில்லை. அதோடு கதை முடிந்ததா? இல்லை.

செத்த அணு பிழைக்காது. ஆனால் பக்கத்தில் இருக்கிற அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக நடக்கும். கற்றுக்கொடுப்பது உடற்பயிற்சி. விழுந்த கையை மடக்கி நீட்டுவது, உட்கார வைப்பது, பிடித்து நிற்க வைப்பது, டம்ளரைப் பிடிக்கப் பழக்குவது, எல்லாம் தினம் நடக்க வேண்டும். இந்த நிலையில் தைலம் தேய்க்க ஆசைப்பட்டால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தேய்க்கலாம். பயிற்சியை விட்டுவிட்டுத் தைலத்தை மட்டும் நம்பக் கூடாது.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். இந்த வேலை முழுவதும் வீட்டில் ஒரே பெண் தலையில் விழுகிறது. பெரும்பாலும் மருமகள். அவளுக்கும் தூக்கம் வேண்டும். மகனுக்கும் கை இருக்கிறது. புரட்டத் தெரியாதா என்ன?

பேச முடியாதவருக்குக் காது கேட்கும். பலருக்கு நாம் பேசுவது நன்றாகப் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. அவர் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாகப் பிரிவினை பேசுகிறார்கள். "இனி இவர் எழுந்திருக்கமாட்டார்" என்கிறார்கள். அவர் கண்ணில் வழிகிற தண்ணீரை "நோயின் குணம்" என்று துடைத்துவிடுகிறார்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கிற மாதிரிக் கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் ஆரம்பமானது. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டு வந்து கொடுப்பது அதன் வேலை. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. இது பலருக்குத் தெரியாது. உங்கள் தெருவில் யாராவது பக்கவாதத்தில் படுத்து இருந்தால், மாத்திரை கொடுக்க வருகிற அந்த அம்மாவிடம் அவர் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.